சுற்றிப் பார்க்கும் கண்ணும் விட்டுப்போன 60 நொடியும்

(10 ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி எழுதியது)



போன பருவத்தில் நம்ம சைக்கிள் ஷெட்டில் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 11 ஆம் வகுப்பு அக்கா ஒருவருடைய அரசு சைக்கிள் காணாமல் போச்சு. "கேமரா இருக்கே, கண்டுபிடிச்சிடலாம்" என்று எல்லாரும் ஆபீஸ் ரூமுக்கு ஓடினோம். பதிவைப் போட்டுப் பார்த்தால் இரண்டே காட்சிதான். முதல் காட்சியில் வரிசையின் கடைசியில் அக்காவின் சைக்கிள் நிற்கிறது. பக்கத்தில் தண்ணீர் கேன் போடும் அண்ணன் நிற்கிறார். அடுத்த காட்சியில் சைக்கிளும் இல்லை, அண்ணனும் இல்லை. நடுவில் 60 நொடி எதுவுமே பதிவாகவில்லை!

ஏன் பதிவாகவில்லை? கேமரா கெட்டுப் போகலீங்க. கரண்ட்டும் போகலை. அந்த நேரத்தில் அது வேறு பக்கம் திரும்பி இருந்தது. அவ்வளவுதான்.

அந்தச் சாயங்காலம் முழுக்க நாங்க என்ன பேசினோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. ஒரு கேமரா அகலமாகவும் பார்க்கணும், தூரத்தில் இருப்பதைத் தெளிவாகவும் பார்க்கணும் என்றால் என்ன வழி? "இரட்டை லென்ஸ் சுழல் கேமரா" என்று இப்போது கடைகளில் விற்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது? எங்கே வைக்கலாம், எங்கே வேண்டாம்? வாங்க பார்க்கலாம்.

பான், டில்ட், ஜூம் என்றால் என்ன?

சுழல் கேமராவை பி.டி.இசட். கேமரா என்பார்கள். பான் என்றால் இடது வலதாகத் திரும்புவது. டில்ட் என்றால் மேலும் கீழும் சாய்வது. ஜூம் என்றால் தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவந்து காட்டுவது. நம்ம கழுத்து முதல் இரண்டு வேலையையும் செய்கிறது. மூன்றாவது நமக்கு இல்லை. அதனால்தான் பைனாகுலர் தேவைப்படுகிறது.

உள்ளே இரண்டு சின்ன மோட்டார் இருக்கும். அவை பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார்கள். மின்விசிறி மாதிரி சுற்றிக்கொண்டே இருக்காது. ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு சின்ன அடி மட்டும் நகரும். எத்தனை அடி நகர்ந்தது என்று கேமரா எண்ணி வைத்துக்கொள்ளும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் "கேட் பக்கம் திரும்பு" என்றால் சரியாக கேட் பக்கம் திரும்புகிறது. கரண்ட் போய் வந்ததும் இந்த வகைக் கேமரா தானாக ஒரு ஓரம் வரைக்கும் திரும்பி விட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். மறந்துபோன எண்ணிக்கையை பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கத்தான் அந்தச் சுற்று!

நம்ம பள்ளிக் கேமராவுக்கு நான்கு இடங்களைச் சொல்லி வைத்திருந்தார்கள்: கேட், மைதானம், மேடை, சைக்கிள் ஷெட். ஒவ்வொரு இடத்திலும் 20 நொடி நிற்கும். இதற்கு ரோந்து முறை என்று பெயர். இப்போ கணக்குப் போடுங்க. ஒரு சுற்றுக்கு 80 நொடி. அதில் ஷெட்டைப் பார்ப்பது 20 நொடி. பார்க்காதது 60 நொடி. அதாவது நாளில் நான்கில் மூன்று பங்கு நேரம் ஷெட்டுக்குக் கேமராவே இல்லை! வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் "கேமரா இருக்கு" என்ற நினைப்பு.

செய்து பாருங்கள் - 1

ஒரு செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு கண்ணில் வையுங்கள். மறு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அப்படியே வராந்தாவில் மெதுவாக நாலு அடி நடந்து பாருங்கள். குழலுக்கு நேராக இருப்பவர் தெரிவார். பக்கத்தில் வருகிறவர் மேல் மோதிக்கொள்வீர்கள்! ஜூம் செய்த ஒற்றை லென்ஸ் கேமராவின் நிலைமை இதுதான்.

அகலமா? தெளிவா?

சரி, கேமராவை ஜூம் செய்யாமல் அகலமாகவே வைத்துவிட்டால் என்ன? எல்லாம் தெரியும், ஆனால் எதுவும் தெளிவாகத் தெரியாது. இதற்கு நம்ம ஒளியியல் பாடத்தில் வரும் வடிவொத்த முக்கோணக் கணக்கே போதும்.

காட்சியின் அகலம் = சென்சார் அகலம் × தூரம் ÷ லென்ஸின் குவியத் தூரம்

சாதாரணமான 2 மெகாபிக்சல் கேமராவில் சென்சாரின் அகலம் சுமார் 5.6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் படத்தில் குறுக்கே 1920 பிக்சல் இருக்கும். நம்ம கேட், கட்டடத்தில் இருந்து 30 மீட்டர். டேப் வைத்து அளந்தோம்!

4 மி.மீ. லென்ஸ் போட்டால்: 5.6 × 30 ÷ 4 = 42 மீட்டர் அகலம் தெரியும். ஒரு மீட்டருக்கு 1920 ÷ 42 = சுமார் 46 பிக்சல். ஒருவர் முகம் 15 செ.மீ. என்றால் அந்த முகத்துக்குக் கிடைப்பது வெறும் 7 பிக்சல்.

12 மி.மீ. லென்ஸ் போட்டால்: 5.6 × 30 ÷ 12 = 14 மீட்டர் அகலம்தான் தெரியும். ஆனால் மீட்டருக்கு 137 பிக்சல். அதே முகத்துக்கு சுமார் 21 பிக்சல்.

46 நல்லதா, 137 நல்லதா என்று எப்படித் தெரியும்? இதற்கென்றே ஒரு சர்வதேசத் தரநிலை உண்டு. 2014-ல் வந்த ஐ.இ.சி. 62676-4 என்ற தரநிலை இப்படிப் பிரித்தது:

மீட்டருக்கு 25 பிக்சல்: யாரோ இருக்கிறார் என்று தெரியும்.
மீட்டருக்கு சுமார் 63 பிக்சல்: என்ன மாதிரி உடை, என்ன செய்கிறார் என்று ஓரளவு தெரியும்.
மீட்டருக்கு 125 பிக்சல்: ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் "இவர்தான்" என்று சொல்லலாம்.
மீட்டருக்கு 250 பிக்சல்: முன்பின் தெரியாத ஆளையும் சந்தேகம் இல்லாமல் அடையாளம் சொல்லலாம்.

அப்படிப் பார்த்தால், 4 மி.மீ. லென்ஸ் உள்ள இந்தக் கேமரா தெரியாத ஒருவரின் முகத்தை உறுதியாகக் காட்டுவது சுமார் 5.5 மீட்டர் வரைதான். 12 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் 16 மீட்டர். அகலம் வேண்டுமென்றால் தெளிவை விட்டுக் கொடுக்கணும். தெளிவு வேண்டுமென்றால் அகலத்தை விட்டுக் கொடுக்கணும். ஒற்றைக் கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

எட்டுக் கண் வாத்தியார்!

இந்தச் சிக்கலை இயற்கை எப்போதோ தீர்த்துவிட்டது. வகுப்பறைச் சுவரில் வலை பின்னாமல் குதித்துக் குதித்துப் போகுமே, அந்தத் தாவும் சிலந்தியைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு எட்டுக் கண். முன்னால் உள்ள இரண்டு பெரிய கண்களும் மிகத் தெளிவாகப் பார்க்கும். ஆனால் அவற்றின் பார்வை ரொம்பக் குறுகல். மற்ற ஆறில் பக்கக் கண்கள் அகலமாகப் பார்த்து, எங்கேயாவது அசைவு இருந்தால் சொல்லும். உடனே சிலந்தி அந்தப் பக்கம் திரும்பி, பெரிய கண்களால் உற்றுப் பார்க்கும். பென்சில் நுனியை அதன் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிப் பாருங்கள், சட்டென்று உங்களைத் திரும்பிப் பார்க்கும்!

நம்ம கண்ணும் அப்படித்தான். இந்தத் தாளில் ஏதாவது ஒரு சொல்லை மட்டும் உற்றுப் பாருங்கள். கண்ணை நகர்த்தாமல் தாளின் ஓரத்தில் இருக்கும் சொல்லை வாசிக்க முடிகிறதா? முடியாது. ஆனால் அந்த ஓரத்தில் யாராவது கையை ஆட்டினால் உடனே தெரிந்துவிடும். ஓரப் பார்வை கூப்பிடும், நடுப் பார்வை போய்ப் பார்க்கும். இரட்டை லென்ஸ் கேமராவின் தத்துவம் இதுவே.

இரட்டை லென்ஸ் எப்படி வேலை செய்கிறது?

ஒரே உடம்பில் இரண்டு கேமரா இருக்கும். மேலே இருப்பது நகராத கண். அது அகலமான லென்ஸோடு ஒரே பக்கத்தை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும். கீழே இருப்பது சுழலும் கண். போனில் பார்த்தால் இரண்டு படமும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும். ஒரு ஆள் உள்ளே வந்தால் என்ன நடக்கும்?

1. நகராத கண் அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, "இங்கே ஏதோ மாறியிருக்கு" என்று கண்டுபிடிக்கும்.

2. அது மனிதரா, நாயா, ஆடும் மரக்கிளையா என்று உள்ளே இருக்கும் சிப் சோதிக்கும். ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய நிரல் அதில் இருக்கிறது. சில சமயம் ஏமாந்தும் போகும்.

3. படத்தில் அந்த ஆள் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதைக் கோணமாக மாற்றும். படத்தின் நடுவில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார் என்று தெரிந்தால், எத்தனை டிகிரி திரும்பணும் என்று தெரிந்துவிடும்.

4. சுழலும் கண்ணின் மோட்டாருக்கு அத்தனை அடி நகரச் சொல்லி உத்தரவு போகும். அது திரும்பி, கிட்டே காட்டி, அவரைப் பின்தொடரும்.

5. ஆள் போனபிறகு கொஞ்ச நேரம் பொறுத்து, பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

இத்தனையும் நடக்கும்போது நகராத கண் தன் வேலையை நிறுத்துவதில்லை. சுழலும் கண் எங்கே திரும்பினாலும் முன்பக்கக் காட்சி விடாமல் பதிவாகிக்கொண்டே இருக்கும். பெரிய நன்மை இதுதான்!

கடையில் ஏமாறாதீர்கள்!

"டூயல் லென்ஸ்" என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. அந்தப் பெயரில் முக்கியமாக இரண்டு வகை விற்கிறது.

முதல் வகை, மேலே சொன்னது. ஒரு கண் நகராது, மற்றது சுழலும்.

இரண்டாம் வகையில் இரண்டு லென்ஸும் ஒரே சுழலும் தலையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று அகலம், ஒன்று தூரம். நீங்கள் ஜூம் செய்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். இப்போது வரும் செல்போன்களில் இருக்கிற மாதிரி. தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும், சரிதான். ஆனால் தலை திரும்பினால் இரண்டு கண்ணும் சேர்ந்தே திரும்பும்! நம்ம ஷெட்டுக்கு இந்த வகையை வைத்திருந்தாலும் அந்த 60 நொடி போயே போயிருக்கும்.

இன்னொரு விஷயம், ஜூம். லென்ஸ் செய்யும் ஜூம் வேறு, படத்தைப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம் வேறு. செய்தித்தாள் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். புள்ளிகள்தான் பெரிதாகும், புதிதாக எதுவும் தெரியாது. டிஜிட்டல் ஜூம் அப்படித்தான். பெட்டியில் பெரிய எண் போட்டிருந்தால், "இதில் லென்ஸ் ஜூம் எவ்வளவுங்க?" என்று கேளுங்கள்.

எங்கே வைக்கலாம்?

* ஒரே கம்பத்தில் இருந்து பெரிய திறந்தவெளியைப் பார்க்கணும், நடுவில் யாராவது வந்தால் கிட்டேயும் பார்க்கணும் என்கிற இடங்களில். மைதானம், களத்துமேடு, தோப்பு, மரக்கடை, வண்டி நிறுத்தும் இடம் போல.
* நிறையக் கேமராவுக்கு ஒயர் இழுக்க முடியாத இடங்களில்.
* பார்க்க வேண்டிய முக்கியமான இடம் எல்லாம் நகராத கண்ணின் வீச்சுக்குள் அடங்கும்போது. 4 மி.மீ. லென்ஸின் வீச்சு சுமார் 70 டிகிரிதான். முதுகுப் பக்கம் அதற்குத் தெரியாது!

எங்கே வேண்டாம்?

* நீண்ட குறுகலான வராந்தா. சாதாரண நிலையான கேமரா ஒன்றே போதும்.
* எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு வாசல். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஆள் வந்தால் சுழலும் கண் ஒருவரைத்தான் துரத்தும். இங்கே இரண்டு நிலையான கேமராதான் நல்லது.
* ஒரே இடத்தை எப்போதும் தெளிவாகப் பார்க்கணும் என்றால், உதாரணமாக வண்டி எண்ணைப் பதிவு செய்ய, அந்தத் தூரத்துக்கு ஏற்ற நிலையான லென்ஸ் போதும். சுழலும் பாகம் இருந்தால் தேய்மானமும் உண்டு.
* கழிப்பறை, உடை மாற்றும் அறை, அடுத்த வீட்டு ஜன்னல். இங்கெல்லாம் எந்தக் கேமராவும் கூடாது. சுழலும் கேமரா அடுத்த வீட்டுப் பக்கமும் திரும்பும் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தப் பக்கத்தைப் படத்தில் மறைத்து வைக்கும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது. அதைப் போட்டு வைப்பது நாகரிகம்.

இராத்திரியில் என்ன ஆகும்?

இருட்டியதும் கேமராவில் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். பகலில் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் ஒரு வடிகட்டி லென்ஸுக்குப் பின்னால் இருக்கும். இரவில் அது விலகும் சத்தம்தான் அது. பிறகு அகச்சிவப்பு எல்.இ.டி.க்கள் எரியும். படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். 850 நானோமீட்டர் எல்.இ.டி. என்றால் லேசான சிவப்பு தெரியும். 940 என்றால் நம் கண்ணுக்குத் தெரியாது. டி.வி. ரிமோட்டின் முனையைப் போன் கேமராவில் பார்த்தால், பல போன்களில் இந்த வெளிச்சம் தெரியும்.

ஒரு தொல்லை உண்டு. லென்ஸ் முன்னால் நூலாம்படை இருந்தால் அந்த வெளிச்சம் பட்டுப் பளிச்சென்று தெரியும். பூச்சி பறந்தால் கேமரா ஏமாந்து சுற்ற ஆரம்பிக்கும். ஒட்டடைக் குச்சிதான் மருந்து!

கணக்குப் பிரியர்களுக்கு

ஒரு லென்ஸின் படம் நொடிக்கு 2 மெகாபிட் என்றால், நாளுக்கு 2 × 86,400 ÷ 8 = 21,600 மெகாபைட். அதாவது 21.6 ஜி.பி. இரண்டு லென்ஸும் விடாமல் பதிவானால் 43.2 ஜி.பி. 128 ஜி.பி. அட்டை எத்தனை நாள் தாங்கும்? மூன்று நாள்கூட முழுதாகத் தாங்காது! பிறகு பழையதை அழித்துப் புதியதை எழுதும். வெள்ளிக்கிழமை காலையில் நடந்ததைத் திங்கட்கிழமை மாலையில் தேடினால் இருக்காது. அதனால் ஏதாவது நடந்தால் முதலில் அந்தப் பகுதியைத் தனியாக எடுத்து வைக்கணும்.

கடவுச்சொல்லை மாற்றினீர்களா?

2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. காரணம் என்ன தெரியுமா? மிராய் என்ற நச்சு நிரல், கேமராக்களுக்குள்ளும் அவற்றின் பதிவுப் பெட்டிகளுக்குள்ளும் நுழைந்து, அவற்றையே படையாக வைத்து டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியது. எப்படி நுழைந்தது? கம்பெனியில் போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை யாருமே மாற்றாமல் விட்டிருந்தார்கள்! வீட்டில் கேமரா இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

அந்த 60 நொடி

இப்போது ஷெட் விஷயத்துக்கு வருவோம். அந்தச் சாயங்காலம் நாங்க எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டோம். "கேன் அண்ணன்தான் எடுத்திருப்பார்." நானும் சொன்னேன். மறைக்க விரும்பவில்லை. வாட்ச்மேன் தாத்தா மட்டும், "நீங்க யாரும் பாக்கலியே, எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பேச்சு தெரு வரைக்கும் போய், அண்ணன் காதிலும் விழுந்துவிட்டது.

மறுநாள் காலையில் 12 ஆம் வகுப்பு அண்ணா ஒருவர் அந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டும் அரசு சைக்கிள், பார்க்க ஒரே மாதிரி இருந்தன. அக்கா பூட்டாமல் விட்டிருந்தார். தன்னுடையது என்று நினைத்து அவசரத்தில் ஓட்டிப் போய்விட்டாராம். சிறப்பு வகுப்பு இருந்ததால் ஷெட்டில் நிறைய சைக்கிள் நின்றது. அவருடைய சைக்கிளும் அதே ஷெட்டின் மறுமூலையில் நின்றுகொண்டே இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை!

கேமரா பொய் சொல்லவில்லை. தான் பார்த்த 20 நொடியை அப்படியே காட்டியது. பார்க்காத 60 நொடியை நாங்கதான் எங்கள் சந்தேகத்தால் நிரப்பினோம். எத்தனை லென்ஸ் இருந்தாலும் அது பார்க்காத இடம், பார்க்காத நேரம் என்று ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். பதிவைப் பார்க்கும்போது "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்பதோடு "இதில் என்ன தெரியவில்லை?" என்றும் கேட்கணும். இது நான் கற்ற பாடம்.

இயற்பியல் சாரோடு சேர்ந்து அளந்து, தலைமையாசிரியை அம்மாவிடம் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஷெட்டின் நீளம் 12 மீட்டர். 10 மீட்டர் தள்ளி 4 மி.மீ. நிலையான கேமரா ஒன்று வைத்தால் 14 மீட்டர் அகலம், மீட்டருக்கு 137 பிக்சல். தெரிந்தவர்களை அடையாளம் காண அது போதும். மைதானமும் கேட்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், அங்கே முதல் வகை இரட்டை லென்ஸ் கேமரா பொருத்தமாக இருக்கும். ரோந்து சுற்றத் தேவையில்லை. இவற்றோடு செலவே இல்லாத யோசனை ஒன்று: சைக்கிளைப் பூட்டுங்கள். மட்கார்டில் பெயிண்ட்டால் பெயரும் வகுப்பும் எழுதுங்கள்!

தலைமையாசிரியை அம்மா கேன் அண்ணனை நேரில் கூப்பிட்டுப் பேசினார். நாங்களும் போய் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லம்மா" என்றார். ஆனால் அன்றிலிருந்து அண்ணன் உள்ளே வருவதில்லை. கேனை கேட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். தினமும் இரண்டு பேர் போய் நாங்கள் தூக்கி வருகிறோம்.

சிந்திக்க ஒரு கேள்வி: கேமரா ஐந்து இடங்களில் 15 நொடி வீதம் நின்றால், ஒரு இடம் எத்தனை நொடி பார்க்கப்படாமல் இருக்கும்? விடையை எழுதிப் பக்கத்தில் உள்ள பெட்டியில் போடுங்கள். சரியான விடைகள் அடுத்த இதழில்!